பூ விழுந்த கண்

செவ்வாய்க்கிழமை காலை, வேலை முடிந்து
ஈசூன் வீட்டுக் கதவைத் திறந்தபோது
சில்லறை ஒரு கண்ணால் மட்டும் பார்த்தது.
மற்றதில் இமை ஒட்டியிருந்தது,
பிரிக்காத தபால் உறை மாதிரி.

சில்லறை என்று பெயர் வைத்தது நான்தான்.
காப்பிக்கடை மேசையடியில்
என் பையிலிருந்து விழுந்த இருபது காசை
முன்னங்காலால் அமுக்கிக்கொண்டு
தர மறுத்த குட்டி.

பிராணி மருத்துவமனைக்குப் போன் போட்டேன்.
பார்க்க மட்டும் அறுபது வெள்ளி.
மருந்து தனி. சோதனை தனி.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்,
ஏதோ நிலம் வாங்குகிறவனைப் போல.

சேதி லிஃப்டில் ஏறி இறங்கியது.
எதிர்வீட்டு மிஸ்டர் கோ
காய்ந்த சாமந்தி ஒரு பிடி கொடுத்தார்.
தினமும் அதைத்தான் குடிக்கிறாராம்,
எழுபத்திரண்டு வயதில் கண்ணாடியே கிடையாதாம்.
ஏழாம் மாடி ரொஹானா வெற்றிலை கொண்டுவந்தாள்,
ஐந்து, ஒற்றைப்படையாக இருக்கவேண்டும் என்று.
ஏனென்று அவளுக்கும் தெரியவில்லை.
பகல் காவலுக்கு வரும் மாசிலாமணி
மஞ்சள் என்றான். தேன் என்றான்.
சட்டைப் பொத்தானைப் போட்டபடி
கடைசியில், நந்தியாவட்டை என்றான்.

நந்தியாவட்டை.
நான் காக்கும் கொண்டோவில்
நீச்சல்குளத்தை ஒட்டி வரிசையாக நிற்கிறது.
தோட்டக் குத்தகைக்காரர் பட்டியலில் அதற்குப் பெயர்
'வெள்ளைப் பூச்செடி, பதினான்கு.'

இரவு மூன்று மணிக்குப் போனேன்.
மூன்று பூ. தொப்பிக்குள் வைத்துக்கொண்டேன்.
திரும்பி வந்து பதிவை ஓட்டினால்
நான்காம் திரையில்
சீருடை போட்ட ஓர் ஆள் குனிகிறான்,
சுற்றுமுற்றும் பார்க்கிறான்
கேமராவைத் தவிர எல்லாப் பக்கமும்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
03:10. குளப்பகுதி. எல்லாம் சரி.

சாமந்தி நீரில் துடைத்தேன். வெற்றிலை நீரில் துடைத்தேன்.
பூவை ஊறவைத்து
துண்டில் சுற்றிய பூனையை முழங்காலில் இறுக்கி
இரண்டு சொட்டு விட்டேன்.
கட்டைவிரலில் நான்கு பல் பதிந்தது.
வியாழக்கிழமை
கருவிழி நடுவில் வெள்ளையாக ஒன்று.

கண்ணில் பூ விழுந்துவிட்டது என்போம் நாம்.
வேறு எந்த மொழியில் இப்படிச் சொல்கிறார்கள்?
விழுந்ததா, நான் போட்டதா.

பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள்.
பப்பாளி அட்டைப்பெட்டியில் வைத்து
நாற்பது நிமிடம் நடந்தேன்.
வழி முழுக்க அது கத்தவில்லை.
கத்தியிருக்கலாம்.

டாக்டர் ஷெரில் ஒரு காகிதக் கீற்றால் கண்ணைத் தொட்டாள்,
விளக்கை அணைத்து நீல ஒளி பாய்ச்சினாள்.
பச்சையாகத் தெரிந்தது புண்.
இன்னொரு பூனையின் நகமாக இருக்கலாம் என்றாள்.
"என்னென்ன போட்டீர்கள்?"
சொன்னேன். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.
நந்தியாவட்டைக்கு எழுத்து கேட்டாள்,
எனக்கு ஆங்கிலத்தில் வரவில்லை.
வெள்ளைப் பூ என்றேன்.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"இனிக் கண்ணுக்குள் தோட்டம் வேண்டாம்" என்றாள்,
அவ்வளவுதான்.

நூற்றெண்பத்தாறு வெள்ளி நாற்பது காசு.
மாசிலாமணி நூறு அனுப்பினான்,
மஞ்சள் சொன்னதற்கு அபராதம் என்று.

ஆறு மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து.
நடுராத்திரிச் சொட்டு என் வேலைநேரத்தில் விழுகிறது.
சாவியை மிஸ்டர் கோவிடம் கொடுத்தேன்.
வெட்கப்பட்டுக்கொண்டே கொடுத்தேன்,
அவரும் வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கினார்.

பூ முழுதாகப் போகாதாம்.
கடுகளவு தங்குமாம்.

பன்னிரண்டு ஏழுக்குப் படம் வந்தது.
கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு,
அதற்குள் உலகத்தையே வெறுக்கும் ஒரு முகம்.
இரண்டு கண்ணும் திறந்திருந்தன.
படத்தின் ஓரத்தில், மேசைமேல்,
மருந்து சீட்டின் பக்கத்தில்
தடித்த சட்டம் போட்ட
மூக்குக்கண்ணாடி ஒன்று.
என்னுடையது அல்ல.

குளத்தோரம் இன்றும் நிறையப் பூத்திருக்கிறது.